தொரசாணிக்கு வாசித்த மூன்றாம் ஓலை

மாமாவின் கல்யாணப் படிவத்தில் பெண் பக்கத்தை நிரப்பியது நான்தான். அந்த ஒரு பக்கத்தால் பதினைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. என்னை வளர்த்தவர். எழுபத்தொரு வயது. ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்த பிறகு சூரியநெல்லிக்கு வந்து, என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இரண்டு அறை வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். பெண் ஜெர்மன்காரி. அறுபத்தெட்டு வயது. அந்த ஊரில் பெரிய ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் மலையில் எல்லோருக்கும் அவர் தொரசாணி. பன்னிரண்டு வருடமாக அவருடைய பங்களாவில் சமையலும் மற்ற வேலைகளும் என் பொறுப்பு.

தொரசாணிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் கோயிலில் கொடுத்த படிவத்தை என்னிடம் தள்ளிவிட்டார். பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். 'மணமகளின் நிலை' என்ற இடம் வந்தபோது அவர் எழுந்து கொல்லைப்பக்கம் கோழி விரட்டப் போயிருந்தார். அந்த இடத்தில் அச்சடித்திருந்தது இரண்டே சொல். கன்னி, விதவை. பொருந்தாததை அடித்துவிட வேண்டும். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கன்னியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். மூன்று கல்யாணம் முடித்த மனுஷியைக் கன்னி என்று கோயிலில் வாசித்தால் கைக்குழந்தைகூடச் சிரிக்கும்.

அதை அடித்தால் மிச்சம் விதவை. கோளாறே அதில்தான். எனக்குத் தெரிந்து மூன்று புருஷன்மாரும் உயிரோடு இருந்தார்கள்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பூசை முடியும் நேரத்தில் உபதேசியார் மாப்பிள்ளை, பெண் விவரத்தைப் படித்து, இவர்கள் விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பார். பீடத்தின் முன் கைபிடித்த புருஷன் உயிரோடு இருக்கிறான் என்றால் அதைவிடப் பெரிய தடை கிடையாது. முதல் நற்கருணை வாங்கும் வயசுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கோடு இழுத்தேன்.

ஏன் என்று கேட்டால், கை பழகிய பழக்கம். எங்கள் எஸ்டேட் லயத்தில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு விதவை என்றுதான் எழுதுவார்கள். என் அப்பா நான் ஐந்தாவது படிக்கும்போது ஏலக்காய் ஏற்றின ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாகக் கீழே இறங்கினார். திரும்பவில்லை. கம்பத்தில் இன்னொரு குடும்பம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ரேஷன் கார்டில் அம்மா பெயருக்கு எதிரே விதவை என்று மாமாதான் எழுதிக் கொடுத்தார். கேட்கிறவன் அதோடு வாயை மூடிக்கொள்வான். அம்மா சாகும்வரை அந்த ஒரு சொல் எங்கள் வீட்டுக்குக் கதவு மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாருடைய புருஷனைப் பற்றியும் கேட்பதில்லை. நானும் தொரசாணியிடம் கேட்கவில்லை.

அவரே சொன்னதுதான் எனக்குத் தெரியும். கொழுந்து எடுக்கும் பெண்களிடம் தமிழ் படித்தவர், அதனால் ஜமீன் வீட்டுக் கதையைக் கொழுந்துக்காட்டுத் தமிழில் சொல்வார். கேட்கச் சிரிப்பாக இருக்கும், கேட்டு முடிந்தால் சிரிப்பு வராது.

"அங்கயும் இப்பிடித்தான் புள்ள. அவுங்க காடு எங்க காட்டுக்குப் பக்கத்துக் காடு. நடுவுல வேலி வேண்டாம்னு என்னையக் கட்டிக் குடுத்துட்டாங்க."

முதல் புருஷன் பிரபு பட்டம் உள்ள ஜமீன்காரர். இருபது வயது மூத்தவர். பழைய அரண்மனைக் கோயிலில் சாமியார் வைத்துக் கல்யாணம். "கெட்டவர் இல்ல. அவருக்கு நாய்னா உசுரு. நான் நாயில்லியே, என்ன செய்ய?" என்பார். நாலு வருடம் அங்கே இருந்திருக்கிறார். மாமியார்க்காரி ஒருத்தி. காலைச் சாப்பாட்டு மேசையில் தபால் எல்லாம் வெள்ளித்தட்டில் வரும், மருமகளுக்கு வந்த கடிதம் மட்டும் ஏற்கெனவே பிரித்திருக்கும். தொரசாணியின் அம்மா வேறொரு ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்து, வந்து பார்த்துவிட்டுப் போ என்று இரண்டு கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் வேட்டைக்கு விருந்தாளிகள் வரும் வாரம். மருமகள் கிளம்பிவிட்டால் மேசையில் யார் உட்காருவது? மாமியார் இரண்டையும் தன் அலமாரியில் வைத்துவிட்டாள். விருந்து முடிந்து கொடுத்தாள். தொரசாணி போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடி ஆணி அடித்தாயிற்று.

அந்த வாரமே வீட்டை விட்டு வந்துவிட்டார். அவருக்கு அப்போது கார் ஓட்டத் தெரியாது. அரண்மனையில் குதிரைப் பயிற்சி சொல்லிக்கொடுத்த ஆள்தான் ஓட்டிக்கொண்டு போனார். வழியில் ஒரு விடுதி முன்னால் செருப்பில்லாமல் காரிலிருந்து இறங்கும்போது எவனோ படம் பிடித்துவிட்டான். நாடு முழுக்கப் பத்திரிகையில் அந்தப் படம். பிரபுவின் மனைவி குதிரைக்காரனோடு ஓட்டம்.

"செருப்பு எங்கன்னு எழுதுனானுவ. எங்கம்மா செத்ததை ஒருத்தனும் எழுதல" என்றார்.

அட, விளங்காத பயல்களா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. எந்த ஊரானாலும் ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

பிறகு பிரபு அரசாங்கக் கோர்ட்டில் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார். தொரசாணியின் அப்பா வீட்டு மாடிப்படிச் சுவரில் மாட்டியிருந்த மகள் படத்தைக் கழற்றி எறிந்தார். "ஊரே எங்களுக்குக் கட்டி வச்சிருச்சு. நாங்க போய்க் கையெழுத்து மட்டும் போட்டோம்" என்று இரண்டாம் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வார். அது சர்க்கார் கச்சேரியில் நடந்த பதிவுக் கல்யாணம். குதிரைக்காரரோடு எட்டு வருடம் இருந்து, சண்டை இல்லாமல் பிரிந்தார்கள். இன்றைக்கும் அவர் ஞாயிறு மாலை ஃபோன் செய்வார், பாதி நேரம் குதிரையின் கால்வலியைப் பற்றித்தான் பேச்சு. மூன்றாவது ஆள் தேயிலை வியாபாரி. அதுவும் கச்சேரிக் கல்யாணம். அவர்தான் இந்த மலைக்குக் கூட்டி வந்து பங்களாவை எடுத்தது. இரண்டே வருடத்தில் அவர் மட்டும் ஊருக்குப் போய், அங்கிருந்து விவாகரத்துக் காகிதம் அனுப்பி, வேறு கல்யாணமும் செய்துகொண்டார். தொரசாணி போகவில்லை. "இங்க ஒருத்தரும் அந்தப் படத்தப் பாக்கல புள்ள. அது போதும்" என்றார்.

இதெல்லாம் தெரிந்தால் அவருடைய ஒரே ஒரு கண்டிப்பு ஏன் என்று புரியும். வந்த தபால் வந்த நிமிஷம் மேசைக்குப் போக வேண்டும். ஒட்டினபடியே. ஒருமுறை மழை என்று ஒரு கடிதத்தை என் பையிலேயே வைத்து மறுநாள் கொடுத்தேன். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

முதல் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த அரண்மனை விலாசத்துக்கு, குடும்பப் பெயர் மட்டும் போட்டு, ஒரு வாழ்த்து அட்டை போகும். தபாலில் சேர்ப்பதே நான்தான். செத்த ஆளுக்கு யார் வாழ்த்து அனுப்புவார்கள் என்பது என் கணக்கு. ஆறு வருடம் முன்னால் கறுப்புக் கரை போட்ட அட்டை ஒன்று அங்கிருந்து வந்தது. அன்றைக்குத் தொரசாணி பொழுதெல்லாம் கொய்யா ஜாம் கிண்டினார். யாரம்மா என்றேன். "வயசானவர் ஒருத்தர்" என்றார். ஏதோ பெரியப்பா சித்தப்பா என்று நினைத்து நானும் ஜாமைப் புட்டியில் ஊற்றினேன்.

மாமா பங்களாவுக்கு முதலில் வந்தது கூரை ஒழுகினபோது, அதை அடைத்துக் கொடுக்க. வேலை முடிந்ததும் டீ கொடுத்தேன். மாமா டீ ருசி பார்க்கும் ஃபாக்டரிப் பழக்கத்தில் உஸ்ஸென்று பெரிய சத்தம் போட்டு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, வாசலில் துப்பினார். எனக்கு மானம் போயிற்று. தொரசாணி எழுந்து வந்து, அதே கோப்பையை வாங்கி, அதைவிடச் சத்தமாக உறிஞ்சித் துப்பினார். தேயிலை வியாபாரியின் பெண்டாட்டியாக இருந்தவர் இல்லையா?

"கருகிப் போச்சு" என்றார்.

"கருகல. அதிகமா வாட்டிட்டான்" என்றார் மாமா.

அன்றைக்குப் பிடித்த சண்டை மூன்று வருடம் ஓடியது. தினமும் நாலு மணிக்கு வரிசையாக ஆறு கிண்ணம், இரண்டு பேரும் உறிஞ்சுவார்கள், துப்புவார்கள், ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவார்கள். முற்றம் முழுக்க டீக்கறை. கழுவுவது நான். அத்தை போன பிறகு மாமா சிரித்து நான் பார்த்தது அந்த முற்றத்தில்தான், அதனால் முணுமுணுக்காமல் கழுவினேன்.

கல்யாணம் என்று பேச்சு வந்ததும் மாமா ஒன்றே ஒன்று சொன்னார். கோயிலில் ஓலை வாசித்து, பீடத்தின் முன்னால்தான். தினம் காலையில் கோயில் மணி அடிக்கிறவர் அவர், வேறு மாதிரி அவரால் முடியாது. தொரசாணி அதைவிட நேராகச் சொன்னார். "கோயில்ல ஆகாதுன்னா மழைக்கு முன்னாடி நான் ஊருக்குப் போயிருதேன். இந்த வயசுல ஒளிஞ்சு ஒளிஞ்சு டீ குடிக்க என்னால ஆகாது." மாமா எழுந்து ஆறு கிண்ணத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

அதனால்தான் கோடு இழுத்தேன். போதுமா?

முதல் ஓலைக்கு ஞாயிறு வந்தது. உபதேசியார் விதவை என்று படித்ததும் எனக்கு முன்வரிசையில் இருந்த மாதா சபைத் தலைவி திரும்பி என்னைப் பார்த்தாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, தொரசாணிக்குப் புருஷன் செத்துட்டாரா? ஞாயித்துக்கிழம ஃபோன் பேசுதது யாரு?"

"அது குதிர டாக்டரு" என்றேன். வாய்க்கு வந்தது அதுதான்.

"இங்க ஏது குதிர?"

"நீ போய் உன் ஆட்டப் பாரு" என்று வந்துவிட்டேன். ஒரு பொய்க்குக் காவல் இன்னொரு பொய்.

இரண்டாம் ஓலை முடிந்த அன்றைக்குப் பங்குச்சாமியார் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். இளம் சாமியார், நாகர்கோவில் பக்கத்துக்காரர். "ஜெர்மனில இருந்து ஞானஸ்நானக் காகிதம் வரணும். ஓரத்துல கல்யாண விவரம் எல்லாம் குறிச்சிருக்கும். அது கைக்கு வந்தாத்தான் மூணாவது ஓலை" என்றார்.  ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரத்தில் கல்யாணத்தைக் குறித்து வைப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன், அதுவும் ஜெர்மன் பூசணிக்காய்.

அந்தப் புதன்கிழமை வளைவுக் கடைக்குச் சாமான் வாங்கப் போனேன். கடைக்காரர் பாலக்காட்டு ராவுத்தர், முப்பது வருடமாக மலையில் கடை வைத்திருப்பவர். மேல் மலைக்குப் போகும் தபாலைத் தன் கடையில் போட்டுவிட்டுப் போகச் சொல்லி, வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்.

"ஏனுங்க அக்கா, உங்க தொரசாணியம்மாவுக்குக் கடுதாசி வந்து கெடக்குதுங்க. ஜெர்மன் ஸ்டாம்புங்க" என்று எடுத்து நீட்டினார்.

வெளியே வந்து பார்த்தேன். விலாசம் தொரசாணிக்கு இல்லை, பங்குச்சாமியாருக்கு. ராவுத்தர் விலாசத்தைப் பார்க்கவே இல்லை. இந்த மலையில் ஜெர்மன் ஸ்டாம்பு ஒட்டி வந்தால் அது ஒரே வீட்டுக்குத்தான் என்பது அவர் வழக்கம். கோயில் எதிர்ப்பக்கம், பத்து நிமிஷ நடை. நான் கோயிலுக்குப் போகவில்லை. உறையைத் தோள்துண்டுக்குள் வைத்துப் பங்களாவுக்கு வந்து, ரவை டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

அன்றைக்கே வெந்நீர் அடுப்பின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். தீயில் போட்டால் முடிந்தது, தபாலில் தொலைந்து போயிற்று என்று உலகம் நினைத்துக்கொள்ளும். உறையின் மூலை சூடாகும்போது அந்த வெள்ளித்தட்டு ஞாபகம் வந்தது. மாமியார்க்காரியும் நல்ல எண்ணத்தில்தான் ஒளித்து வைத்தாளோ என்னவோ? எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனால் கொண்டுபோய்க் கொடுக்கவும் கால் வரவில்லை. மறுபடி ரவைக்குள் போட்டேன்.

வியாழக்கிழமை காலையில் தொரசாணி கேட்டார். "தபால் ஏதும் வந்துச்சா புள்ள?"

"இல்லம்மா."

மத்தியானம் ஒருதரம். வெள்ளிக்கிழமை ஒருதரம். மூன்று தடவையும் இல்லை என்றேன். இயேசுவை மூன்று முறை மறுதலித்த சீடருக்காவது சேவல் கூவியது. எங்கள் சேவல் கொல்லையில் சும்மா கிளறிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நாளும் தலைவலி என்று தொரசாணி நாலு மணி டீக்கு வரவில்லை. மாமா தனியாக ஆறு கிண்ணத்தையும் உறிஞ்சிப் பார்த்து, துப்பக்கூட மனசில்லாமல் விழுங்கிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் மாமா ஒரு புது வெள்ளைச் சட்டையோடு வந்தார், இஸ்திரி போட்டுத் தரச் சொல்லி.

"காகிதம் வரல்லளா. இன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் பாப்போம்னு சாமி சொல்லுதாரு. வரல்லேன்னா ஓலை கெடையாது. சட்ட கெடக்கட்டும், ஈஸ்டருக்குப் போட்டுக்கிடலாம்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுக் கழற்றினார்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. கொடுத்தாலும் கல்யாணம் கெடும், கொடுக்காவிட்டாலும் கெடும். இதில் ஒளித்து வைத்து நான் என்னத்தைக் காப்பாற்றினேன்? மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் இஸ்திரியை அப்படியே வைத்தேன். ரவை டப்பாவைத் திறந்து உறையை எடுத்துத் தட்டினேன். பழி என்மேல் விழட்டும், அந்த மனுஷனைப் பொய்யன் என்று யாரும் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கோயிலுக்கு நடந்தேன்.

சாமியார் அலுவலகத்தில் இருந்தார். உறையை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் பிரிக்கும் முன்பே கொட்டித் தீர்த்தேன்.

"படிவத்துல விதவைன்னு எழுதுனது நான், சாமி. தொரசாணிக்குத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. மூணு புருஷனும் உசுரோட இருக்காங்க. இந்தக் கடுதாசியும் புதன்கிழமையே வந்துருச்சு, நாந்தான் ஒளிச்சு வச்சேன். என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க. அந்த ரெண்டு பேரையும் விட்ருங்க."

 சாமியார் உறையைப் பிரித்தார். கொஞ்சம் ரவை கொட்டியது. இரண்டு தாள். முதல் தாளை உதடு அசைய லத்தீனில் படித்தார், பிறகு இரண்டாவதை. 

"நீங்க எழுதுனது சரிதானேக்கா" என்றார்.

"என்னது சரி?"

"இது ஞானஸ்நானம். ஓரத்துல ஒரே ஒரு கல்யாணம் குறிச்சிருக்கு. இது அந்தப் புருஷனோட அடக்கப் பதிவு. அவரு செத்து ஆறு வருஷம் ஆச்சு."

கறுப்புக் கரை அட்டை. கொய்யா ஜாம். எனக்கு அப்படியே கண்முன்னால் வந்தது. கிறிஸ்துமஸ் அட்டை அங்கே இருக்கும் நாத்தனாருக்காம். அந்த வீட்டில் அவரிடம் அன்பாக இருந்த ஒரே ஆள் அவர்தானாம். அதையும் சாமியார்தான் சொன்னார்.

"அப்ப குதிரக்காரரு? தேயில யாவாரி?"

"அது ரெண்டும் கச்சேரில முடிச்சது. கோயில் கணக்குல அது கல்யாணமே இல்ல. கோயிலப் பொறுத்தவரை அவங்க ஒரு தடவ கல்யாணம் பண்ணாங்க, புருஷன் இறந்துட்டாரு. விதவை. கோடு சரியாத்தான் இழுத்திருக்கீங்க."

நாடே பத்திரிகை போட்டுச் சிரித்த விவகாரம், அப்பன் படத்தைக் கழற்றி எறிந்த விவகாரம், இங்கே ஓரத்தில் குறிக்கக்கூட லாயக்கில்லை! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அது பொய்யில்லை. வயிற்றிலிருந்து ஏறி வருவது தெரிகிறது. அங்கே இருந்த கூஜாத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்பத் தெரியும் சாமி?"

"முதல் நாளே. ரெண்டு மணி நேரம் உக்காந்து அவங்களே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. உங்க மாமாவும் பக்கத்துலதான் இருந்தாரு. காகிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?" என்று கத்திவிட்டேன். சாமியாரிடம் கத்தினது அதுதான் முதல் தடவை.

"நீங்க கேக்கலியே" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கடுதாசிய ஒளிச்சது எங்கிட்ட சொன்னாப் பத்தாது. அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார்.

அதுதான் பெரிய மலையாக இருந்தது. ஆனாலும் மனசு லேசாகிவிட்டதால் வேகமாக நடந்தேன். போகிற வழியில் மாமா வீட்டுச் சன்னலில், "காகிதம் வந்துருச்சு, எல்லாம் சரி" என்று கத்திவிட்டுப் போனேன். உள்ளே ஏதோ கிண்ணம் விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

பங்களாவில் தொரசாணி தன் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய நீலப் பெட்டி, பூட்டியிருந்தது. அலமாரி திறந்து காலியாகக் கிடந்தது.

"என்னம்மா இது?"

"நாளக் காலைல ஜீப்பு வரச் சொல்லியிருக்கேன். ஏர்போட்டுக்கு."

 அவர் கோபமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

"புதன்கிழம தீப்பெட்டி வாங்கப் போனேன். ஜெர்மன் கடுதாசிய உங்கிட்டக் குடுத்தேன்னு ராவுத்தர் சொன்னாரு. மூணு தடவ கேட்டேன் புள்ள. மூணு தடவயும் இல்லன்ன."

அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோடு இழுத்தது, பயந்தது, அடுப்பு வரைக்கும் கொண்டுபோனது, ரவை டப்பா, சாமியார் சொன்னது. அது தனக்கு வந்த கடிதமே இல்லை என்பதும் நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அழுதேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"ஏம்மா அன்னைக்கே என்னயத் திட்டல?"

"மொதத் தடவ, அந்த அரண்மனைல, ஒண்ணும் கேக்காமப் போயிட்டேன். இந்தத் தடவ நாலு நாளு காத்திருந்து பாப்போம்னு நெனச்சேன்" என்றார். பிறகு கேட்டார். "பிரிச்சியா?"

"இல்லம்மா."

"ஒட்டுனபடியே குடுத்தியா?"

"ஒட்டுனபடியே."

"எங்க மாமியாக்காரி பிரிச்சு வச்சா. நீ பிரிக்காம வச்ச. நீ கொஞ்சம் நல்லவ" என்று என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துணியாக அலமாரியில் திரும்ப அடுக்கினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கம்பளிச் சட்டையை மடிப்புச் சரியில்லை என்று இரண்டு தடவை அவிழ்த்து மடிக்கச் சொன்னார்.

ஞாயிறு காலையில் சொன்னபடி ஜீப் வந்து நின்றது. வந்த வண்டியை வீணாக்குவானேன் என்று மூன்று பேரும் அதிலேயே கோயிலுக்குப் போனோம். முந்தின ராத்திரியே மாமாவிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். வழியில் அவர் என் காதில், "ஒங்கம்மைக்கு நான் எழுதுன பொய்யி பொய்யாவே போச்சு. உனக்கு யோகம்ளா" என்றார். அவர் அந்த ரேஷன் கார்டைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதலும் கடைசியும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் ஓலை. உபதேசியார் விதவை என்று வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். மாதா சபைத் தலைவி தொண்டையைச் செருமினாள். கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு உண்மையிலேயே இருமல்தான். தொரசாணி தன் பையிலிருந்து மிட்டாய் ஒன்றை எடுத்து அவளுக்கு நீட்டினார்.

கல்யாணம் மறுவாரம் நடந்தது. மாமா பங்களாவுக்குக் குடிபோனார். முற்றத்துக் கறை இப்போது இரண்டு மடங்கு. அந்த நீலப் பெட்டி மட்டும் என் வீட்டில், என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கல்யாணத்துக்கு மறுநாள் தொரசாணியே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். காலிப் பெட்டி எனக்கு எதுக்கம்மா என்றேன்.

"உங்கிட்ட இருக்கட்டும் புள்ள. இனிமே நான் போகணும்னா உங்கிட்ட வந்து கேட்டுத்தான் எடுக்கணும்" என்றார்.